20 வயது, லைசென்ஸ் வந்து 2 மாதம், முதல் கார் செகண்ட் ஹேண்ட்: இன்ஷூரன்ஸ் செலவை எப்படிக் குறைப்பது?

திண்டுக்கல்_20

வணக்கம். வயது 20, கார் லைசென்ஸ் கைக்கு வந்து 2 மாதம். பார்த்து வைத்திருக்கும் வண்டி 7 வருஷ ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சி.சி., திண்டுக்கல் பதிவு, ஒரே ஓனர். 4,20,000 என்று பேசி முடித்திருக்கிறது. ஃபுல் இன்ஷூரன்ஸ் இன்னும் 4 மாதம் ஓடுகிறது. பாலிசியில் என்.சி.பி. (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

சந்தேகங்கள்:

யூடியூபில் இங்கிலாந்துப் பையன்கள் பேசுவதைப் பார்த்தால், புது லைசென்ஸ்காரர்களுக்கு வண்டி விலையை நெருங்கும் அளவுக்குக்கூட இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள். நம் ஊரிலும் வயது குறைந்தால் பிரீமியம் கூடுமா?

புரோக்கர், "பாலிசிதான் ஓடுதே, அப்படியே ஓட்டுங்க, முடியும்போது உங்க பேர்ல ரினியூ பண்ணிக்கலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

செலவைக் குறைக்க தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதுமா? என் பேரில் ஒரு பைக் இருக்கிறது. அதன் பாலிசியில் 15 லட்சம் பி.ஏ. (பர்சனல் ஆக்சிடென்ட்) கவர் ஏற்கெனவே கட்டியிருக்கிறேன். காருக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா?

தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலிசி மேசை

தம்பி, முதல் கேள்விக்கு நல்ல பதில்தான். இங்கிலாந்தில் ஓட்டுபவரைப் பார்த்து விலை வைக்கிறார்கள்: வயது, லைசென்ஸ் எடுத்த வருஷம், வேலை, வீட்டு முகவரி எல்லாமே கணக்கில் வரும். இங்கே பாலிசி வண்டிக்குத்தான். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் அதே பாலிசி நிற்கும். ஓ.டி., அதாவது நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பாகத்தில் சில கம்பெனிகள் வயதையும் பார்த்து கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். அதற்காக அந்த வீடியோக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பிரீமியத்தை மூன்று பாகமாகப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே குறைக்கலாம், எங்கே முடியாது என்று தெரியும்.

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்பு: இது அரசு நிர்ணயிக்கும் தொகை. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி தனியார் காருக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இதேதான், பேரம் கிடையாது. உங்கள் கோட்டில் (கம்பெனி தரும் விலைக்குறிப்பில்) வேறு எண் இருந்தால் கட்டணம் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விஃப்ட் 1197 என்பதால் உங்களுக்கு 3,416. இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் ஒன்று யோசிக்கலாம். 998 சி.சி. வேகன்-ஆர் அல்லது செலெரியோ என்றால் இந்த இடத்திலேயே வருஷத்துக்கு 1,322, ஜி.எஸ்.டி. சேர்த்து 1,560 ரூபாய் மிச்சம். வண்டி இருக்கும்வரை வருஷாவருஷம் மிச்சம்.

ஓ.டி.: கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது இங்கேதான். பழைய டாரிஃப் அட்டவணையை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொருவரும் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். சென்னைப் பதிவு என்றால் ஏ மண்டலம், திண்டுக்கல் பி மண்டலம். 5 முதல் 10 வருஷ வண்டி, 1000–1500 சி.சி., பி மண்டலம் என்றால் ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பில்) 3.351 சதவீதம். ஐ.டி.வி. 4,00,000 என்று வைத்தால் 13,404. கம்பெனி 60 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று கொண்டால் 5,362. இதை ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி ஒவ்வொரு கோட்டிலும் மாறும்.

ஓனர்-டிரைவர் பி.ஏ. 15 லட்சம்: இது கட்டாயம். ஆனால் ஒருவருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்று போதும். காரும் உங்கள் பேருக்கே வருகிறது என்றால், பைக் பாலிசியில் இருப்பதைச் சொல்லி இங்கே நீக்கச் சொல்லலாம். ஆன்லைனில் "ஏற்கெனவே 15 லட்சம் கவர் உள்ளது" என்று ஒரு டிக் இருக்கும். டிக் அடிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: பைக் பாலிசியின் தேதி இன்னும் ஓடுகிறதா, நீங்கள் ஓட்டும் வேறு சொந்த வண்டிக்கும் அது பொருந்தும் என்று வாசகம் இருக்கிறதா. பைக் பாலிசி நடுவில் முடிந்துபோய் நீங்கள் கவனிக்காமல் விட்டால், அந்த நாட்களில் உங்களுக்கு எந்தக் கவரும் இல்லை.

ஆக 3,416 + 5,362 = 8,778. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 10,360. 12,000க்கு மேல் யாராவது கோட் கொடுத்தால் எந்தெந்த ஆட்-ஆன் (கூடுதல் கவர்) சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகக் கேளுங்கள். ரோட்சைட் அசிஸ்டன்ஸ், சாவி தொலைந்தால் கவர், உடைமைகள் கவர் என்று தானாகவே டிக் ஆகி நிற்கும்.

கோட்களை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஐ.டி.வி. ஒன்றாக இருக்கட்டும். விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐ.டி.வி.யை அடியில் இறக்கிக் காட்டும் பக்கங்கள் நிறைய. 4,00,000ஐ 3,50,000 ஆக இறக்கினால் மிச்சம் 670, ஜி.எஸ்.டி.யோடு 791 ரூபாய். வண்டி திருடுபோனால் கைக்கு 50,000 குறைவாக வரும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று முடிப்பார்கள், அப்போதும் இதே அடி. 791 ரூபாய்க்காக இதைச் செய்யாதீர்கள். மார்க்கெட் விலையை ஒட்டியே ஐ.டி.வி. வையுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

புரோக்கர் சொன்னபடி மட்டும் செய்துவிடாதீர்கள். இந்தத் திரியில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 157வது பிரிவின்படி வண்டி கைமாறும்போது தேர்ட் பார்ட்டி பாகம் வாங்கியவர் பேருக்கு மாறியதாகவே கருதப்படும். அதனால்தான் புரோக்கர்கள் "பாலிசி தானா மாறிடும்" என்கிறார்கள். பாதி உண்மை. உங்கள் வண்டியின் சேதத்துக்கான பாகம் அப்படி மாறாது. அது கம்பெனிக்கும் பழைய ஓனருக்கும் இடையிலான ஒப்பந்தம். 1995லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி. உங்கள் பேரில், பாலிசி பழைய ஓனர் பேரில் என்ற நிலையில் முன்பக்கம் நொறுங்கினால், உங்களுக்குப் பாலிசி இல்லை என்று எழுதுவார்கள். பழைய ஓனர் கேட்டால் அவருக்கு வண்டி இல்லை என்று எழுதுவார்கள். இரண்டுமே சட்டப்படி சரி, காசு யாருக்கும் வராது.

செய்ய வேண்டிய வரிசை:

பணம் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு பாலிசி தேதி, ஹைப்பாத்திகேஷன் (வண்டி மேல் உள்ள லோன் பதிவு), நிலுவை சலான் மூன்றையும் பாருங்கள். லோன் இருந்த வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35ம் ஓனரிடம் வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் பெயர் மாற்றம் நகராது.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 கையெழுத்தானதும் அவற்றின் நகல், ஆர்.சி. நகல், பழைய பாலிசி, பழைய ஓனரின் சம்மதக் கடிதம், உங்கள் கே.ஒய்.சி. எல்லாவற்றையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்து பெயர் மாற்றம் கேளுங்கள். சட்டம் தரும் அவகாசம் 14 நாள். ஆர்.சி. புதுப் பேரில் வந்த பிறகுதான் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் போடும் திருத்தம்) போடுவோம் என்று சில கம்பெனிகள் சொல்லும். அப்படியானாலும் 14 நாளுக்குள் விண்ணப்பம் கொடுத்த சான்று, மெயிலாகவோ ரசீதாகவோ, உங்களிடம் இருக்கட்டும். ஃபுல் இன்ஷூரன்ஸ் என்பதால் வண்டியை வந்து பார்ப்பார்கள், இல்லை ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

50 சதவீத என்.சி.பி. பழைய ஓனருடையது. அது வண்டியோடு வராது. மீதமுள்ள 4 மாதத்துக்கு அவர் அனுபவித்த தள்ளுபடியைக் கணக்குப் பார்த்து உங்களிடம் வசூலிப்பார்கள். மேலே போட்ட மாதிரிக் கணக்கின்படி 5,362ல் பாதியான 2,681ல் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 894, அதோடு 50 ரூபாய் மாற்றக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும். இதைத் தவிர்க்க முடியாது, கட்டிவிடுங்கள்.

ரினியூவலில்தான் மோசடி நடக்கும். 4 மாதம் கழித்து ஆன்லைனில் நம்பரைப் போட்டால் "உங்கள் என்.சி.பி. 50%" என்று பழைய தகவல் தானாக வந்து நிற்கும். அப்படியே பணம் கட்டினால் பாலிசியும் உடனே வந்துவிடும். விபத்து நடந்து கிளெய்ம் போகும்போது முந்தைய கம்பெனியிடம் உறுதி கேட்பார்கள். அப்போது என்.சி.பி. தவறாக அறிவித்தது வெளியே வந்து, தொகையை வெட்டுவார்கள் அல்லது கிளெய்மையே மறுப்பார்கள். "ஓனர் மாறியிருக்கிறாரா?" என்ற கேள்விக்கு "ஆம்" போடுங்கள். என்.சி.பி. பூஜ்யத்துக்கு வரும். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

மலைக்கோட்டை ரோடு

7 வருஷ வண்டிக்கு ஃபுல் எதற்கு? தேர்ட் பார்ட்டி 3,416 + ஜி.எஸ்.டி. = 4,031 ரூபாய். ஃபுல்லுக்கு ஆகும் 10,360ல் மீதி 6,300ஐ வருஷாவருஷம் தனியாகப் போட்டு வைத்தால் சின்ன டென்ட், கீறல் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். சட்டத்துக்கும் அது போதும்.

எஸ்டிமேட் மேசை

மலைக்கோட்டை ரோடு சொன்னது 10 வருஷம் அனுபவமுள்ள ஒருவர், தனியாக ஓட்டும் பழைய வண்டிக்குச் சரியாக இருக்கலாம். 20 வயதில் முதல் கார் எடுப்பவருக்கு நான் சொல்லமாட்டேன். காரணம் டென்ட் அல்ல, உள்ளே உட்காரும் நண்பர்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி வெளியே இருப்பவர்களுக்கு: பாதசாரி, எதிரே வந்த பைக்காரர், இன்னொரு வண்டியில் இருப்பவர்கள். உயிருக்கும் காயத்துக்கும் வரம்பு இல்லை, பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. தனியார் காரில் சும்மா கூட வரும் பயணிகள் இந்தக் கட்டாயக் கவருக்குள் வரமாட்டார்கள். ஃபுல், அதாவது பேக்கேஜ் பாலிசி என்றால் அவர்களும் உள்ளே வருவார்கள். 2009 நவம்பரில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை மூலம் கம்பெனிகளுக்கு இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் நான்கு நண்பர்களோடு போகும்போது தவறு உங்கள் பக்கம் என்றால், தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர் அந்த நான்கு குடும்பங்களுக்கும் சொந்தக் காசிலிருந்து பதில் சொல்ல வேண்டிவரும். எதிர் வண்டியின் தவறு என்றால் அந்த வண்டியின் பாலிசி கொடுக்கும். புதிதாக ஓட்டுபவர் அதை நம்பி வண்டி எடுக்கக் கூடாது. குறைந்தது முதல் இரண்டு மூன்று வருஷம் ஃபுல்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, புது டிரைவர்கள் காசை விடும் இடம்: எதற்குக் கிளெய்ம் போடுவது, எதற்குப் போடாமல் இருப்பது.

ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து பின் பம்பர் கிழிந்தது என்று வைப்போம். எஸ்டிமேட் இப்படி வரும் (ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுகிறேன்): பம்பர் 5,000, பெயின்டிங் 3,000, கழற்றி மாட்டும் கூலி 500. மொத்தம் 8,500. சாதா ஃபுல் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம், 2,500 போயிற்று. பெயின்ட் பில்லில் கால் பங்கைச் சரக்கு விலையாகக் கொண்டு அதில் பாதி வெட்டு, 375. 1500 சி.சி. வரை ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயக் கழிவு 1,000. கம்பெனி தருவது 4,625, உங்கள் கையிலிருந்து 3,875.

இந்த 4,625க்கு நீங்கள் கொடுக்கும் விலை என்.சி.பி. அதன் ஏணி 20, 25, 35, 45, 50. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம், அங்கிருந்து மறுபடி முதல் படி. இப்போது பூஜ்யத்தில் இருக்கும் உங்களுக்கு இழப்பு எவ்வளவு? கிளெய்ம் இல்லாவிட்டால் 20, 25, 35, 45, 50. கிளெய்ம் போட்டால் 0, 20, 25, 35, 45. வருஷாவருஷம் வித்தியாசத்தைக் கூட்டினால் 20+5+10+10+5 = 50. அதாவது ஒரு வருஷ ஓ.டி.யில் பாதி: 2,681, ஜி.எஸ்.டி.யோடு 3,164. ஐ.டி.வி. வருஷாவருஷம் இறங்கும், அதனால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆக 4,625 வாங்கி 3,164 இழக்கிறீர்கள். 1,500 ரூபாய் லாபத்துக்கு வண்டியை 3 நாள் விட்டுவிட்டு சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டும். வெளியே ஒரு நல்ல டிங்கரிங் கடையில் பம்பரை ஒட்டி பெயின்ட் அடித்தால் இன்னும் குறைவாக முடியும். போடாதீர்கள்.

50 சதவீதத்தில் இருப்பவர் போட்டால் இழப்பு 50+30+25+15+5 = 125 சதவீதம். அதே வண்டிக்கு 7,909 ரூபாய். என்.சி.பி. ஏற ஏற, எவ்வளவு பெரிய சேதத்துக்குக் கிளெய்ம் போடலாம் என்ற எல்லையும் ஏற வேண்டும். உங்கள் வண்டிக்கு என் கணக்கு: இப்போது கம்பெனி தரும் தொகை 6,000க்குக் கீழ் என்றால் சொந்தக் காசு, 50ஐத் தொட்ட பிறகு 10,000 வரை சொந்தக் காசு.

இப்படி முடிவெடுத்த பிறகு வாலன்டரி டிடக்டிபிள் பயன்படும். "இத்தனை ரூபாய் வரை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பது. பழைய டாரிஃப்படி 2,500 ஏற்றுக்கொண்டால் ஓ.டி.யில் 20 சதவீதம், உச்சம் 750 ரூபாய் தள்ளுபடி. ஜி.எஸ்.டி.யோடு 885. மூன்று வருஷத்தில் ஒரு கிளெய்ம் வந்தாலும் 2,655 மிச்சப்படுத்தி 2,500 இழப்பீர்கள், சமம். கிளெய்மே வராவிட்டால் முழு லாபம். 15,000 வரை ஏற்கும் படியும் உண்டு, அதன் உச்சத் தள்ளுபடி 2,500 மட்டும். அது புது டிரைவருக்கு ஏற்றதல்ல. ஒரு கதவும் ஃபெண்டரும் போனாலே அந்த 15,000 கையை விட்டுப் போய்விடும்.

தேய்மானம் வெட்டாத ஆட்-ஆனான ஜீரோ டெப், நம் ஊர் பேச்சில் பம்பர் டு பம்பர், 5 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. கிடைத்தால் விலை கேளுங்கள். 5 முதல் 10 வருஷ வண்டிக்கு இரும்புப் பாகத்துக்கே 40 சதவீதம் தேய்மானம், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50, கண்ணாடிக்கு மட்டும் வெட்டு இல்லை. அதனால் பெரிய விபத்தில் ஜீரோ டெப் நன்றாகவே கைகொடுக்கும். வருஷத்துக்கு இரண்டு கிளெய்ம் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும்.

குறைவாக ஓட்டுபவர் என்றால் கிலோமீட்டர் கணக்குப் பாலிசியையும் கேட்டுப் பாருங்கள். 2022 ஜூலையில் அதே ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) இதற்கு வழி திறந்தது. ஓடோமீட்டர் படம் கேட்பார்கள். வாங்கிய கிலோமீட்டர் தீர்வதற்கு முன் டாப்-அப் போட மறந்தால் கிளெய்மில் சிக்கல் வரும்.

திண்டுக்கல்_20

அண்ணா, சார், எல்லோருக்கும் நன்றி. ஃபுல்லே போடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அப்பா 8 மாதத்துக்கு முன் தன் பழைய காரை விற்றார். அதில் 50 சதவீத என்.சி.பி. இருந்தது, கிளெய்ம் ஒன்றும் போட்டதில்லை. இந்த வண்டியை அப்பா பேரில் எடுத்தால் அந்த 50 கிடைக்குமா? தங்கச்சி எல்.எல்.ஆர். போடப்போகிறாள். இதே வண்டியில் அவள் பழகலாமா?

பாலிசி மேசை

கிடைக்கும். அப்பா விற்ற வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆர்.சி. மாறிய ஆதாரத்தோடு மெயில் போட்டால் என்.சி.பி. சான்றிதழ் தருவார்கள். மூன்று வருஷத்துக்குச் செல்லும். காரிலிருந்து காருக்குத்தான் வரும், பைக்கின் என்.சி.பி. காருக்கு வராது. வண்டி உண்மையிலேயே அப்பா பேரில் பதிவாகி, பாலிசியும் அவர் பேரில் இருந்தால் நீங்கள் ஓட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த இங்கிலாந்து வீடியோக்களில் இதை மோசடி என்று எச்சரிப்பார்கள். அங்கே முக்கிய ஓட்டுநர் யார் என்று பொய் சொல்வதாகிவிடும். இங்கே அந்தக் கேள்வியே இல்லை.

மாதிரிக் கணக்கில் மிச்சம் முதல் வருஷம் 3,164. ஐந்து வருஷமும் சேர்த்தால், உங்கள் பேரில் 0, 20, 25, 35, 45 என்று ஏறுவதற்கும் அப்பாவின் நிலையான 50க்கும் உள்ள வித்தியாசம் 125 சதவீதம், ஏறக்குறைய 7,900.

இதில் இரண்டு இழப்பு இருக்கிறது. ஒன்று, ஓனர்-டிரைவர் பி.ஏ. பதிவு ஓனருக்கு மட்டும். ஓட்டுவது நீங்கள், ஓனர் அப்பா என்றால், உங்கள் தவறால் விபத்து நடந்து உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் வராது. பைக்கில் கட்டியிருக்கும் கவரும் நீங்கள் ஓனராக இருக்கும் வண்டிக்குத்தான். ஆகவே அப்பா பேரில் எடுத்தால் உங்கள் பேரில் தனியாக ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்தே ஆக வேண்டும். மிச்சம் பிடித்த 3,164லிருந்து அதை எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கும் காருக்கான பி.ஏ. கட்ட வேண்டிவரும். இரண்டாவது, ஐந்து வருஷம் கழித்து வண்டியை உங்கள் பேருக்கு மாற்றினால் நீங்கள் அப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்குவீர்கள். வீட்டு வண்டியாக அப்பா பேரிலேயே கடைசிவரை இருக்கும் என்றால் அப்பா பேர். உங்கள் சொந்த வண்டி, வேலைக்குப் போன பிறகும் நீங்கள்தான் வைத்திருப்பீர்கள் என்றால் இப்போதே உங்கள் பேர். 7,900 ரூபாய்க்காக இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தங்கை பழகலாம். பாலிசியின் டிரைவர் க்ளாஸிலேயே எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்று இருக்கும், மத்திய மோட்டார் வாகன விதி 3ஐப் பின்பற்றினால். அதாவது பக்கத்தில் கார் லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 18 செ.மீ. சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம்தான் செல்லும், தேதி தாண்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். நீங்களே இப்போதுதான் எடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் உட்காருவது அப்பாவாக இருக்கட்டும்.

எஸ்டிமேட் மேசை

அதோடு சேர்த்து ஒன்று. இடித்த பிறகு "நான் ஓட்டியதாகச் சொல்லிவிடுகிறேன்" என்று பேரை மாற்றுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சர்வேயர் டிரைவரின் காயம், சீட் தள்ளியிருக்கும் நிலை, எஃப்.ஐ.ஆர்., அருகிலுள்ள கேமரா எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார். லைசென்ஸ் உள்ள டிரைவர் செய்த தவறுக்குக் கம்பெனி காசு தரும். பொய்யான டிரைவர் பேரைச் சொன்னால் மொத்தக் கிளெய்மும் போய்விடும்.

இடித்தால் நான்கு பக்கமும் படம், நம்பர் பிளேட் தெரிய ஒரு படம், எதிர் வண்டி இருந்தால் அதன் பாலிசிப் படம். யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, 24 மணி நேரத்துக்குள் போலீஸ். கம்பெனிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். சர்வே முடியும்வரை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றக் கூடாது. எதிராளிக்குக் காயம் என்றால் கம்பெனிக்குத் தெரியாமல் சமரசக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகம்

ரினியூவல் தேதியை விட்டுவிடாதீர்கள். ரினியூவலை முடிவதற்கு 15 நாள் முன்னாலேயே போடுங்கள். ஒரு நாள் தவறினாலும் ஃபுல் பாலிசிக்கு மறுபடி இன்ஸ்பெக்‌ஷன், 90 நாள் தாண்டினால் சேர்த்த என்.சி.பி. முழுக்கப் போகும். இடையில் போலீஸ் பிடித்தால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000, சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

புது பாலிசி பி.டி.எஃப். வந்ததும் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: பேரின் எழுத்துக்கூட்டல், என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், சி.சி., பதிவுத் தேதி, என்.சி.பி. என்ற வரியில் என்ன எண் இருக்கிறது. பழைய ஓனர் கேஸ் கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் இருக்கிறதா. சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்து தவறாக இருந்தாலும் அன்றே மெயில் போட்டு எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள்.